பட்டியலில் தங்காத சொற்கள்

ஆங்கிலச் சொல்வளம் என்ற பேச்சு எழுந்த மாத்திரத்தில், அரசாங்கப் பள்ளியாயினும் தனியார் பள்ளியாயினும், நம் ஊர்களில் முதலில் கண்முன் வந்து நிற்பது ஒரு நோட்டுப் புத்தகமே. பக்கத்தின் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, இடப்புறம் ஆங்கிலச் சொல்லும் வலப்புறம் அதன் தமிழ்ப் பொருளுமாக, நாளொன்றுக்கு ஐந்து அல்லது பத்து என்ற கணக்கில் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு, இரவில் அதை உரக்கச் சொல்லி நெட்டுருப் போட்டு, மறுநாள் காலையில் டிக்டேஷனுக்கு உட்கார்ந்து, பிழைபட்ட சொல்லைப் பத்துத் தரம் இம்போசிஷன் எழுதி முடிப்பதே சொல்வளம் பெருக்குவதற்குரிய ராஜபாட்டை என்று உபாத்தியாயர்களும் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருமித்து நம்பி வருகிறார்கள். இந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தமக்கு வாய்க்காத பாஷை தம் பிள்ளைக்காவது வாய்க்கட்டும் என்று, வயல் வேலை முடிந்து வந்த களைப்போடு விளக்கடியில் உட்கார்ந்து, எழுத்துக்கூடத் தெரியாத நிலையிலும் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளையைச் சொல்லச் சொல்லிக் கேட்கும் தாய்மார்களின் சிரத்தை வணங்கத்தக்கது. அந்தச் சிரத்தைக்கு உரிய பலன் கிடைக்கிறதா என்று கேட்பது அதை மதிக்கிறவர்களின் கடமை. ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தினந்தோறும் ஆங்கிலம் படித்த பிள்ளைகளில் எத்தனையோ பேர், அந்தப் பாஷையில் வெளிவரும் நாளிதழின் ஒரு பத்தியைத் துணையின்றிப் படித்துப் பொருள் கொள்ள இயலாமல் தவிப்பதை நாம் பிரத்தியட்சமாகக் காண்கிறோம். சொல் மனத்தில் தங்குவது எவ்வாறு என்பதைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணத்திலேதான் கோளாறு இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

வட ஆர்க்காட்டுப் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் நோட்டைப் பார்க்கும் சந்தர்ப்பம் வாய்த்தது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அதிலிருந்து 'அபாண்டன்' என்ற சொல்லைக் கேட்டேன். எழுத்துக்களை ஒன்று விடாமல் ஒப்பித்தாள். பொருள் 'கைவிடு' என்று தயங்காமல் சொன்னாள். பிறகு, அவள் வயதுப் பிள்ளைகளுக்கென்று எழுதப்பட்ட கதைப் புத்தகம் ஒன்றைப் பிரித்து, ஊருக்கு வெளியே 'அபாண்டண்ட் ஹவுஸ்' ஒன்று இருந்ததாக வரும் வாக்கியத்தைக் காட்டினேன். அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தாள், சற்று நேரம் பார்த்தாள், விரலை எடுத்துவிட்டு, "இது இன்னும் நடத்தல சார்" என்றாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. நோட்டில் அந்தச் சொல் துணையின்றித் தனியே நின்றது. கதையிலோ அது விகுதி ஒன்றை ஏற்றுக்கொண்டு, ஒரு வீட்டுக்கு அடைமொழியாய், வேறொரு கோலத்தில் வந்தது. 'கைவிடு' என்ற பொருளை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தாலும் வாக்கியம் நேராக அமைவதில்லை. 'பாழடைந்த வீடு', 'ஆள் இல்லாமல் போட்டுவிட்டுப் போன வீடு' என்றெல்லாம்தான் நாம் சொல்லுவோம். அப்படிப்பட்ட வீடு அவள் தெருவிலேயே இருக்கிறது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன குடும்பங்கள் பூட்டிவிட்டுப் போய், கூரை சரிந்து, வாசலில் எருக்கஞ்செடி முளைத்துக் கிடக்கும் வீடுகளைப் பார்க்காத பிள்ளை அந்தப் பள்ளியில் இல்லை. அப்படிப்பட்ட ஒரு வீட்டைப் பற்றிய கதைக்குள்ளே அவள் அந்தச் சொல்லை முதன்முதலாகச் சந்தித்திருந்தால், இம்போசிஷனுக்கு அவசியமே நேர்ந்திராது.

கல்யாண வீட்டில் ஒரே மூச்சில் பத்து உறவினரை நமக்கு அறிமுகம் செய்து வைத்தால், வீடு திரும்புவதற்குள் ஒன்பது பேரின் பெயர் மறந்து போகிறது; அவர்களில் ஒருவரை மறுபடி ஒரு காதுகுத்தில், பிறகு ஒரு பிரயாணத்தில், பிறகு ஒரு துக்க வீட்டில் என்று வெவ்வேறு நிலைகளில் சந்தித்த பின்புதான் அவர் நமக்குத் தெரிந்தவர் ஆகிறார். சொல்லின் சங்கதியும் அதுவே. ஒரு புதிய சொல் நிலைபெறுவதற்கு எத்தனை சந்திப்புக்கள் வேண்டும் என்பதைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் ஒருவருக்கொருவர் வேறுபடுகிறார்கள். ஆறு என்பாரும் உண்டு, பத்து என்பாரும் உண்டு, அதற்கும் மேல் என்பாரும் உண்டு. ஒன்று போதும் என்பார் மட்டும் ஒருவரும் இல்லை. 1885-இல் ஜெர்மானிய அறிஞர் எப்பிங்ஹவுஸ், அர்த்தமற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து தம்மையே பரீட்சித்துக்கொண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், கற்றதன் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுகிறது என்பதையும், ஒரே அமர்வில் திரும்பத் திரும்பச் சொல்வதைக் காட்டிலும் நாட்களை இடைவிட்டு மறுபடி தொடுவது ஞாபகத்தை உறுதிப்படுத்துகிறது என்பதையும் கண்டறிந்தார். நம் நோட்டுப் புத்தக முறையோ, திங்கட்கிழமைச் சொல்லைச் செவ்வாய்க்கிழமை டிக்டேஷனோடு வழியனுப்பிவிடுகிறது. அந்தச் சொல்லை அடுத்த வாரமோ அடுத்த மாதமோ எதிர்ப்படுவதற்கு யாதொரு ஏற்பாடும் அதில் இல்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். நம் முன்னோரைப் பற்றியதாதலால் அதைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்துதானே தமிழில் புலமை பெற்றார்கள், பட்டியலை மனனம் செய்வது நம் சம்பிரதாயந்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் நிகண்டைக் கற்ற பிள்ளை எவ்வாறு கற்றான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். முதலாவதாக, நிகண்டு செய்யுளால் ஆயது. எதுகையும் மோனையும் ஓசையும் சொல்லைச் சொல்லோடு பிணைத்து நிறுத்தின. இரண்டாவதாக, திவாகரம் முதலிய நிகண்டுகள் சொற்களை அகராதிக் கிரமத்தில் அடுக்காமல், தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று பொருள் நோக்கித் தொகுதி தொகுதியாக, ஓர் உலகத்தையே வகுத்து வைப்பது போல வைத்தன. எல்லாவற்றிலும் முக்கியமானது மூன்றாவது: அந்தப் பிள்ளை தமிழைப் பேசிக்கொண்டே பள்ளிக்கு வந்தவன், காலையில் நிகண்டில் கற்ற சொல்லை, அந்தாதியும் பிள்ளைத்தமிழும் கோவையும் பாடம் கேட்கும்போது அதே ஆசிரியரிடம் மறுபடி மறுபடி எதிர்ப்பட்டான். நிகண்டு இலக்கியத்துக்குள்ளே போவதற்கு வாசலாக இருந்தது. வாசலை மட்டும் கட்டிவிட்டு வீட்டைக் கட்டாமல் விட்ட காரியத்தை, அந்தப் பெயரைச் சொல்லி நியாயப்படுத்த முடியாது.

இந்தப் பிரச்சினையை இந்த தேசத்திலேயே, நம்மைப் போன்ற பிள்ளைகளையே எதிரில் வைத்துக்கொண்டு, ஆழ்ந்து சிந்தித்தவர் ஒருவர் இருந்தார். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், அக்காலத்து வங்காளத்தின் டாக்கா நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். வங்காளத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பைப் பாதியிலேயே நிறுத்திவிட நேர்வதைக் கண்ட அவர், 1926-இல் வெளியிட்ட இருமொழிக் கல்வி பற்றிய தம் நூலில், இன்ஷூரன்ஸ்காரர்கள் வழங்கும் 'சரண்டர் வேல்யூ' என்ற வார்த்தையைக் கல்விக்குப் பிரயோகித்தார். பாலிசியை இடையில் நிறுத்தினால் கட்டிய பணத்துக்கு ஏதோ ஒரு தொகை கைக்கு வருவது போல, ஆங்கிலப் படிப்பை எந்த வகுப்பில் விட்டுப் போனாலும் அந்த மட்டுக்கு உபயோகமுள்ள ஒன்று பிள்ளையின் கையில் மிஞ்ச வேண்டும் என்பது அவர் கருத்து. அவ்வாறு மிஞ்சக்கூடியது வாசிக்கும் திறனே என்று அவர் முடிவு செய்தார். ஆனால் அன்றைய வாசகங்களை ஆராய்ந்தபோது, அடிக்கடி பயன்படாத சொற்கள் அவற்றில் மலிந்திருப்பதையும், ஒரு புதுச்சொல்லைப் பிள்ளை ஜீரணிப்பதற்குள் அடுத்தது வந்து விழுவதையும் கண்டார். ஆகவே, சொற்களைப் பயன்பாட்டின்படி தேர்ந்து, புதுச்சொற்களைத் தெரிந்த சொற்களின் நடுவே இடம்விட்டுத் தூவி, வந்த சொல் மறுபடியும் வருமாறு கதைகளைத் திருப்பி எழுதித் தம் வாசகங்களை உண்டாக்கினார். பிற்காலத்தில், 1953-இல், அவர் பெயரால் வெளிவந்த ஏறத்தாழ 2,000 சொற்களின் தொகுதி, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பொருளில் எத்தனை சதவீதம் பயன்படுகிறது என்பதையும் சேர்த்துக் குறித்தது. பிள்ளைகள் ஒப்பிப்பதற்கென்று அவர் அதைத் தயாரிக்கவில்லை. பிள்ளைகளுக்குப் புத்தகம் எழுதுகிறவர்களின் மேஜைக்கென்று தயாரித்தார். இந்த வித்தியாசத்தை நாம் மறந்து போனோம்.

அந்த 2,000 சொற்களும் ஒரு பிள்ளைக்கு நன்கு வசப்பட்டால், சாதாரணமான ஆங்கில எழுத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தை அவன் அறிவான். கேட்பதற்கு இது பெரிய லாபமாகத் தோன்றும். ஆனால் ஐந்து சொல்லுக்கு ஒன்று, அதாவது வரிக்கு இரண்டு சொல், தெரியாமல் இருந்தால் ஒரு பக்கத்தைப் படித்து அதன் கருத்தைப் பிடிப்பது அனேகமாக இயலாது என்றும், 98 சதவீதம், அதாவது ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது தெரிந்திருந்தால்தான் துணையின்றிச் சுகமாக வாசிக்க இயலும் என்றும், நியூஜிலாந்துப் பேராசிரியர் பால் நேஷனும் அவரோடு உழைத்தவர்களும் சோதித்துக் கூறியிருக்கிறார்கள். நாவலையும் செய்தித்தாளையும் அந்த அளவுக்குப் படிக்க, எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்பது அவர் கணக்கு. இப்போது நம் நோட்டுப் புத்தகத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாளைக்கு ஐந்து சொல்; பள்ளி நடக்கும் நாட்கள் வருஷத்துக்குச் சுமார் 200; ஆக வருஷத்துக்கு 1,000 சொல், பத்து வருஷத்துக்கு 10,000 சொல். இந்த முறை மெய்யாகவே பலன் தருவதாயின், பத்தாம் வகுப்பைக் கடந்த ஒவ்வொரு பிள்ளையும் ஆங்கில நாவலைக் கையில் எடுத்துத் தடையின்றிப் படிக்க வேண்டும். அவ்வாறு நடக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள நமக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

எண்ணிக்கையைக் கண்டு மலைக்கவும் வேண்டாம். நம் பிள்ளை வெறுங்கையோடு பள்ளிக்கு வருவதில்லை. பஸ், டிக்கெட், கண்டக்டர், கரண்ட், சுவிட்ச், மோட்டார், ஸ்டார்ட்டர், பைப், டேங்க், சிலிண்டர், ரெகுலேட்டர், ரேஷன், பில், லோன், டோக்கன், ஸ்கேன், சார்ஜர், பேட்டரி, பாலன்ஸ் என்று, எழுத்தறியாத பாட்டியின் பேச்சிலிருந்தே நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்களை அவன் காதாலும் நாவாலும் கற்றிருக்கிறான். இவற்றின் ஓசை தெரியும், பொருள் தெரியும், பொருளையே தினமும் கையால் தொடுகிறான். தெரியாதது எழுத்து வடிவம் ஒன்றே. அப்படியிருக்க, சுவரில் தொங்கும் எழுத்துச் சார்ட்டு, அவன் கண்ணாலே கண்டிராத இக்ளூவையும் சைலோஃபோனையும் யாக் என்னும் மாட்டையும் காட்டித் தொடங்குவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. மின்சார மீட்டர்ப் பெட்டியில் எழுதியிருப்பதும், மாத்திரை அட்டையில் அச்சிட்டிருப்பதும், பஸ்ஸின் நெற்றிப் பலகையும், உர மூட்டையின் மேலுள்ள வாசகமும் முதல் ஆங்கில வாசகமாக அமையலாமல்லவா? வாயில் உள்ள சொல்லைக் கண்ணால் அடையாளம் கண்டுகொண்ட பிள்ளைக்கு, இந்தப் பாஷை தனக்கு முற்றிலும் அந்நியம் அன்று என்ற தைரியம் பிறக்கிறது. அதன் பிறகு அதே சொல்லைக் கொண்டு மேலே போகலாம். கடைக்காரர் தரவேண்டிய மீதிச் சில்லறைக்குப் பாலன்ஸ் என்கிறோம். சைக்கிள் விழாமல் நிற்பதற்கும் பாலன்ஸ் என்கிறோம். விஞ்ஞான வகுப்பில் தராசுக்கும் அதுவே பெயர். இவ்வாறு தெரிந்த சொல்லிலிருந்து தெரியாத பொருளுக்கு நடத்திச் செல்வது, தெரியாத சொல்லையும் தெரியாத பொருளையும் ஒருங்கே தலையில் ஏற்றுவதைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு சுலபம்.

இன்னொரு சாதனமும் நம் பிள்ளையின் கையில் இருக்கிறது. அதை ஆங்கில வகுப்பில் எடுத்துக் கொடுப்பார் இல்லை. தமிழ் இலக்கண வகுப்பில் பகுபத உறுப்புகள் ஆறு என்று படித்து, ஒரு சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை என்று பிரித்துக் காட்ட அவன் பழகியிருக்கிறான். ஆங்கிலச் சொல்லுக்கும் அந்தக் கண்ணே போதும். 'ஆக்ட்' என்ற பகுதி ஒன்று தெரிந்தால், ஆக்டர், ஆக்‌ஷன், ஆக்டிவ், ஆக்டிவிட்டி, ரியாக்ட், இன்டராக்ட் என்று ஒரு குடும்பமே அதன் பின்னே வந்துவிடும். நீதி அநீதியாவதையும் சுத்தம் அசுத்தமாவதையும் அறிந்த பிள்ளைக்கு, 'ஹேப்பி' என்பது 'அன்ஹேப்பி' ஆகும் விதத்தைச் சொல்ல அரை நிமிஷம் போதும். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே அறையில் அமர்ந்து டீ குடிக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தை அவர்கள் கலந்து பேசிப் பாடம் வகுத்துக்கொண்டால், எத்தனையோ நோட்டுப் புத்தகங்கள் மிச்சமாகும்.

தாய்மொழியைக் குறைத்தால் ஆங்கிலம் பெருகும் என்ற எண்ணம் இன்று பரவலாகக் காணப்படுகிறது. எனக்கு அதில் சிறிதும் உடன்பாடில்லை. ஒளிச்சேர்க்கை என்றால் இலை சூரிய வெளிச்சத்தைக் கொண்டு தனக்கு உணவு சமைத்துக்கொள்வது என்று தமிழில் தெளிந்த பிள்ளை, ஆங்கிலத்தில் கற்க வேண்டியது ஒரு பெயரை மட்டுமே. கருத்தே விளங்காத பிள்ளையோ, பெயரை எத்தனை முறை எழுதினாலும் சுமக்கிறானே ஒழியப் பெறுவதில்லை. ஆங்கில வகுப்பில் ஓர் உபாத்தியாயர், கதையை ஆங்கிலத்திலே வாசித்துச் சென்று, ஒரு சொல்லுக்கு முகபாவத்தாலும் மற்றொன்றுக்குக் கரும்பலகைப் படத்தாலும் பொருளைக் காட்டி, அப்படிக் காட்ட இயலாத மூன்றாவது சொல்லுக்குத் தயங்காமல் தமிழில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போவாராயின், அதனால் கதையின் ஓட்டமும் கெடுவதில்லை, பிள்ளைகளும் பின்தங்குவதில்லை. தமிழ் பேசினால் அபராதம் விதிக்கும் பள்ளிகள் இதைச் சிந்திக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, வாசிப்பதற்குப் புத்தகம் எங்கே என்ற கேள்வி வந்து நிற்கிறது. மற்றவையெல்லாம் இதற்கு உட்பட்டவையே. பாடப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு வாசிப்பு வளராது. அதன் பக்கங்களில் வரிக்கு வரி தெரியாத சொல் இருக்கிறது. அதை உபாத்தியாயர் 'நடத்தி'த்தான் தீரவேண்டியிருக்கிறது. நடத்தாத வரியைப் பிள்ளை தொடுவதில்லை. தானே படிக்கக்கூடிய, ஐம்பது சொல்லுக்கு ஒரு சொல் மட்டுமே புதிதாக வரக்கூடிய, படம் நிறைந்த சிறு புத்தகங்கள் ஒவ்வொரு வகுப்பறையிலும் வேண்டும். இது ஆகாத காரியம் அன்று. பள்ளிக் கல்வித் துறை தமிழுக்கென்று தொடங்கிய வாசிப்பு இயக்கம், பிள்ளைகளின் திறத்துக்கேற்ப 'நுழை, நட, ஓடு, பற' என்று படிகள் வகுத்து, சின்னஞ்சிறு கதைப் புத்தகங்களை அச்சிட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பியது. அதைக் கண்டு நான் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமன்று. அதே படிகளில், அதே கனிவோடு, ஆங்கிலத்துக்கும் ஒரு வரிசை வேண்டும் என்பதே என் கோரிக்கை. சென்னையிலுள்ள தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் அமைந்த படப் புத்தகங்களை வெளியிட்டு வருகிறது. பிரதம் புக்ஸ் நிறுவனம் படி பிரித்த கதைகளை எவரும் எடுத்து அச்சிட்டுக்கொள்ளும் உரிமையோடு இணையத்தில் வைத்திருக்கிறது. நம் ஊரையும் நம் வீட்டையும் நம் பெயர்களையும் கொண்ட கதைகள் அவற்றில் நிறைய உண்டு. வாங்கிய புத்தகங்களைத் தலைமை ஆசிரியர் அறைப் பீரோவில் பூட்டி வைக்காமல் இருப்பது அடுத்த அவசியம். கிழிந்து போகும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. கிழியும் வரை படிக்கப்பட்ட புத்தகத்தைத் தணிக்கைக்காரர் நஷ்டமாக எழுதாதபடி ஓர் ஆணை பிறப்பித்தால், அந்தப் பயம் தீர்ந்துபோகும்.

பரீட்சை மாறாமல் வகுப்பறை மாறாது என்பதும் மெய்யே. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் ஆங்கில வினாத்தாள், பாடத்திலிருந்து எடுத்த வாக்கியங்களில் அடிக்கோடிட்ட சொற்களுக்கு ஒத்த பொருளும், பிறகு எதிர்ப்பொருளும் கேட்டுத்தான் தொடங்குகிறது. கேட்கப்படக்கூடிய சொற்களை முன்கூட்டியே பட்டியலிட்டு நோட்ஸ் போடுவது இதனால் எளிதாகிறது. பட்டியல் இருக்கும்போது பாடத்தை யார் படிப்பார்? எதிர்ப்பதங்களை ஜோடியாகக் கற்பிக்கும் வழக்கத்தில் வேறொரு கெடுதலும் இருக்கிறது. இரண்டும் புதிதாக இருக்கும் நிலையில் 'ஷாலோ', 'டீப்' என்பவற்றை ஒரே நாளில் கற்ற பிள்ளை, ஆழமில்லாதது எது, ஆழமானது எது என்று நெடுநாள் தடுமாறுவான். ஒன்று நன்கு வேரூன்றிய பின் மற்றதைக் கொண்டுவந்தால் இந்தக் குழப்பம் வராது என்று ஆராய்ச்சியாளரும் கண்டிருக்கிறார்கள். இந்த வினாக்களுக்குரிய மதிப்பெண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, பாடப் புத்தகத்தில் இல்லாத, ஆனால் அந்த வகுப்புப் பிள்ளைக்கு எட்டக்கூடிய ஒரு சிறு கதைப் பகுதியைக் கொடுத்து, அதற்குள் வரும் சொல்லின் பொருளைச் சூழ்நிலையிலிருந்து உய்த்துணரச் சொல்லலாம். அவ்வாறு செய்த வருஷத்திலேயே, எந்த நோட்ஸும் உதவாது என்பதைக் கண்டுகொண்டு, பள்ளிகள் தாமாகவே கதைப் புத்தகங்களைத் தேடும்.

காலை வணக்கத்துக்கும் முதல் பாடவேளைக்கும் இடையே, பேனாவும் நோட்டும் வெளியே எடுக்காமல், உபாத்தியாயர் உட்பட எல்லோரும் ஆளுக்கு ஒரு புத்தகத்தோடு உட்காரும் இருபது நிமிஷத்தைக் கால அட்டவணையில் எழுதிவிட வேண்டும். எத்தனை சொல் கற்றாய் என்று அந்த இருபது நிமிஷத்தின் முடிவில் எவரும் கேட்கக் கூடாது. கதையில் அடுத்து என்ன நடந்தது என்று வேண்டுமானால் கேட்கலாம். இதற்குப் புதிய கட்டடமோ, புதிய நியமனமோ, புதிய சட்டமோ வேண்டியதில்லை. வருகிற ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளிலேயே, ஆறாம் வகுப்பிலிருந்து ஆரம்பிக்கலாம்.